மலை ஏறிய பாட்டு

ரெகினுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. பெட்டிக்குள் கிடந்தவன் தம்பி சமல். காசநோய் தின்றதுபோக மிச்சம் எலும்புதான். ஆனாலும் மழையில் நனைந்த பலகை கனத்தது. தேவாலயமும் கல்லறையும் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில். ஃபாரோ தீவில் பிணமும் மலை ஏறித்தான் மண்ணுக்குப் போகவேண்டும்.

எட்டுப் பேர் சுமந்தார்கள். அப்பா முன்னால் நடந்தார். ஞானப்பாட்டு மெதுவாக இழுத்தது. ஏற்றத்தில் ஆளுக்கொரு விதமாக அடி வைத்தார்கள். பெட்டி சரிந்து சரிந்து நிமிர்ந்தது.

"ஹம்பர்க், லண்டன்னு ஆறு வருஷம் சுத்தினான். என்னத்தக் கொண்டாந்தான்? இருமல்."

"கவிதையும்தான்."

"அதை வச்சு வலை பின்னலாமா?"

பின்னால் சுமந்தவர்கள் சிரித்தார்கள். ரெகின் பல்லைக் கடித்தான். சமல் இருந்தபோது அப்பாவும் இதையேதான் கேட்டார்.

அடுத்த ஊர்க் கப்பல்காரன் ஹனுஸ், ஆள் குறைந்ததால் தோள் கொடுக்க வந்தவன், கத்தினான்.

"இந்தப் பாட்டுக்குக் காலு வராதுய்யா! கப்பல் பாட்டு ஒண்ணு போடறேன். பாதிரியார் காதுக்கு எட்டாதுல்ல?"

விலகு அலையே விலகு,
வீட்டுப் புகை தெரியுது.

வட்டம் கட்டி ஆடிப் பழகிய கால்கள். இரண்டாவது சுற்றில் எல்லோரும் பல்லவியைப் பிடித்தார்கள். பதினாறு காலும் ஒரே தாளத்தில் விழுந்தன. பெட்டி அசையாமல் ஏறியது.

அப்பா நின்றார்.

"ஹனுஸு, இது யாரு கட்டினது?"

"யாருக்குத் தெரியும்? ஐஸ்லாந்துக்கு மீன் புடிக்கப் போற கப்பல்ல எல்லாம் இதான். ஹம்பர்க் துறைமுகத்துல மூட்டை தூக்கின நம்மாளு ஒருத்தன் சொல்லிக்குடுத்தானாம்."

"அவனைத்தான்டா தூக்கிட்டிருக்க."

அப்பா பெட்டியின்மேல் கை வைத்தார்.

"கட்டில்ல கெடந்து இதைத்தான் முனகினான். இருமல் முழுங்கினது போக மீதிதான் எனக்குக் கேட்டுச்சு."

ஹனுஸ் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"அப்ப மொதல்லேருந்து பாடுவோம்."

பாடினார்கள். மலை அதிரப் பாடினார்கள். சற்றுமுன் சிரித்தவர்கள் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. உச்சியைத் தாண்டி இறங்கும்போது, கீழே கல்மேட்டில் மீன் காயவைத்த பெண்கள் நிமிர்ந்தார்கள். கப்பல்காரர்களின் பெண்டாட்டிகள். பெட்டி ஊருக்குள் நுழையுமுன் அவர்கள் பல்லவியை எடுத்துவிட்டார்கள். அப்பாவும் சுருதி தப்பி, தொண்டை கிழியப் பாடினார்.

குழியை மூடியதும் சுமந்தவர்களுக்கு ஆட்டுக்கறி போடுவது வழக்கம். கொண்டுவந்திருந்தது ரொட்டியும் கருவாடும்தான்.

"ஆடு வெட்டுற மாசம் வாங்க," என்று அப்பா ஒவ்வொருவர் கையாகப் பிடித்துச் சொன்னார்.

ரெகினை விட்டால் ஏழு பேர். ஆளுக்கு ஒரு கறிச் சாப்பாடு பாக்கி.