கட்டிலுக்கடியில் கல்கத்தாப் பெட்டி

ஆடிக்கொண்டே இருக்கிறது பாலம், மின்விசிறிக் காற்றில் அந்தக் காலண்டர் அட்டை சுவரைவிட்டு எழும்புகிறது, மறுபடி படிகிறது, இரும்புப் பாலத்துக்குப் பின்னால் ஒரு விரற்கடை தள்ளி இன்னொரு பாலம் சிவப்பாக நிற்கிறது, அச்சடிக்கும்போது சிவப்பு மட்டும் விலகி விழுந்துவிட்ட படம், கழிவில் போக வேண்டியதை அச்சாபீஸில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் கக்கத்தில் இடுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார், எங்கள் சிவகாசியில் சாமியும் நடிகையும் குழந்தையும் பூவும் முதலில் கழிவாகத்தான் வீட்டுக்குள் நுழையும், நான் கல்யாணமாகி வந்த புதுசு, இது எந்த ஊருங்க என்று கேட்டேன், கல்கத்தா, அவுரா பாலம் என்றார், ஆடுற மாதிரி இருக்கே என்றேன், ஆடுதா இல்லையான்னு நேர்லயே போய்ப் பாத்துருவோம் என்று சிரித்தார், அந்தச் சிரிப்பை நம்பி ஒரு ஆயுசையே ஓட்டிவிட்டேன், காலண்டரில் தேதித்தாள் எப்போதோ கிழித்துத் தீர்ந்துபோயிற்று, படம் மட்டும் ஆணியில் தொங்குகிறது, அதற்கு நேர் எதிரே கட்டிலில் மதினி படுத்திருக்கிறாள், அவருடைய அக்கா சொர்ணக்கனி, இருமுகிறாள், இருமிக்கொண்டே இருக்கிறாள், சட்டென்று இருமல் நிற்கிறது, நின்றால் காதைத் தீட்டிக்கொண்டாள் என்று அர்த்தம், அடுப்படியில் நானும் அவரும் கப்சிப்பென்று வாயை மூடிக்கொள்கிறோம், குக்கர் மட்டும் அதுபாட்டுக்கு மூச்சுவிடுகிறது.

எங்கள் வீட்டில் அந்த ஊர்ப் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, முதல்முறை பெட்டி கட்டி வாசல்வரை வந்துவிட்டோம், உள்ளே மாமனார் விழுந்த சத்தம் கேட்டது, இரண்டாம் முறை டிக்கெட் கைக்கு வந்த வாரத்தில் மாமியார், மூன்றாம் முறை என் அம்மா, நல்லாத்தான் இருந்தாள், போகும்போது குளிருக்குச் சால்வை வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொல்லியிருந்தாள், தீட்டோடு எங்கே சுற்றுலா போக, மூன்று முறையும் பெட்டியைப் பிரித்துச் சேலைகளைப் பீரோவில் அடுக்கினேன், அதன்பிறகு மதினிதான் சட்டம் போட்டாள், இந்த வீட்ல எவனாவது கல்கத்தான்னு வாயத் தொறந்தீங்க, அடுத்த பாடை எனக்குத்தான், ஆமா, வரிசையில நாந்தான நிக்கிறேன் என்று, அன்றிலிருந்து அது அந்த ஊர் ஆகிவிட்டது, பேக்கரியில் கல்கத்தா ரசகுல்லா என்று போர்டு வைத்தார்கள், அவர் ஒரு மாதம் வேறு தெரு வழியாக வீட்டுக்கு வந்தார், சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் நானும் அந்தப் பேக்கரியில் ரொட்டி வாங்கவில்லை.

மாமனார் செத்துக் கிடந்த நாள் இப்போதும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, மதினி தலையை விரித்துப்போட்டுத் தூணில் சாய்ந்திருக்கிறாள், பதினாறும் முடியிறவரைக்கும் எண்ணெய் தொடமாட்டேன், எங்கப்பனுக்கு நான் மூத்தவ என்கிறாள், பங்காளிகளில் பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருகிறார், கட்டிக்குடுத்த பொண்ணு வேத்து வீடு தாயி, உனக்கு மூணு நாள்தான் தீட்டு, தலைக்கு ஊத்திட்டு உன் வீட்டுக்குப் போ என்கிறார், எந்த வீட்டுக்குப் போவாள், புருஷன் செத்த மறு வருஷமே அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள், பிள்ளையும் இல்லை, இந்த வீட்டை விட்டால் அவளுக்கு வீடு ஏது, மூன்றாம் நாள் கிணற்றடியில் நான்தான் அவள் தலையில் தண்ணீர் ஊற்றினேன், அழவில்லை, வேத்து வீடாம்ல என்று ஒரே ஒருதரம் சொன்னாள், அதன்பிறகு வாய் கூர்மையாகிவிட்டது, என் குழம்பில் உப்பு கூடியது, என் கோலம் கோணலானது, நானும் லேசுப்பட்டவள் இல்லை, பதிலுக்குப் பதில் கொடுத்தேன், ஆனாலும் காய்ச்சல் வந்தால் அவள் கைக் கஷாயம்தான் எனக்கு இறங்கும்.

இந்த முறை நாங்களாக அந்த ஊர்ப் பேச்சை எடுக்கவில்லை, மதுரையில் கண் டாக்டர் எடுத்துவிட்டார், நேராக அல்ல, உங்க வீட்டுக்காரருக்கு ஓரப் பார்வை சுருங்கிக்கிட்டே வருதும்மா, போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்து, பாக்க வேண்டியதெல்லாம் இப்பவே பாத்துக்கட்டும் என்றார், காலமெல்லாம் மையைப் பார்த்துப் பார்த்து நிறம் சொன்ன மனிதர், மிளகாய்ச் சிவப்பா குங்குமச் சிவப்பா என்று ஒரு பார்வையில் பிரித்துவிடுவார், பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளின் நிறத்தையே பார்த்துக்கொண்டு வந்தார், திருமங்கலம் தாண்டியதும், போயிருவோமா என்றார், எங்கே என்று நான் கேட்கவில்லை, அக்காட்ட கண்ணைப் பத்திச் சொல்லாத, தாங்கமாட்டா என்றார், வீட்டுக்கு வந்து அடுப்படியிலும் அதையே சொன்னார், அப்படித்தான் அடுப்படி எங்கள் ஆலோசனைக் கூடம் ஆயிற்று, கழிவுத் தாள் ஒன்றைத் தரையில் விரித்து அவர் பென்சிலால் கோடு போடுகிறார், தலையைக் கோழிபோல் அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டு, இது ஆறு, இது பாலம், இங்கே இறங்கி நடந்தே பாலத்தைக் கடக்கிறோம், அப்புறம் டிராம், மறுநாள் காளி கோயில், இல்லைங்க காளிதான் முதலில் என்கிறேன், பாலம்தான் முதலில் என்கிறார், சாமியை விட்டுவிட்டுப் பாலமா, மூணுதடவ சாமியக் கேட்டுத்தான கிளம்புனோம் என்கிறார், குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது, கூடத்தில் இருமல் நிற்கிறது, தாளின் மேல் நான் முறத்தைக் கவிழ்க்கிறேன், அவர் சம்பந்தமில்லாமல் கத்தரிக்காய் என்ன விலை என்கிறார், கொஞ்ச நேரம் கழித்து இருமல் மறுபடி தொடங்குகிறது, உயிர் திரும்பி வருகிறது எங்களுக்கு.

டிக்கெட் செவ்வாய்க்கிழமைக்குத்தான் கிடைத்தது, செவ்வாய் வடக்கே சூலம், கல்கத்தாவோ வடக்கே, எப்படிங்க கிளம்ப என்றேன், அதுக்குத்தான பரஸ்தானம் இருக்கு என்றார், நல்ல நாளில் பெட்டியைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு, அப்புறம் என்று கிளம்பினாலும் குற்றமில்லை, எதிர்வீட்டு ரூபியைக் கேட்டேன், அவள் வேதக்காரி, எங்க வீட்ல வச்சா செல்லுமாக்கா என்று கேட்டாள், வேத்து வீடு மட்டுமில்ல, வேத்து மதம், ரெட்டிப்பாச் செல்லும் என்றார் அவர், வியாழக்கிழமை நல்ல ஓரையில் மதினி கண்ணயர்ந்திருந்தாள், பெட்டிமேல் ஈரத்துணியைப் போர்த்தி மொட்டைமாடிக்குக் காயப்போடப் போகிறவள்போல நான் இழுக்கிறேன், அவர் முன்னால் போய்க் கதவைப் பிடித்துக்கொள்கிறார், கூடத்தைக் கடக்கும்போது குறட்டையும் இல்லை, இருமலும் இல்லை, எதுவுமே இல்லை, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் மதினிக்கு மூச்சு இழுத்தது, தெருமுனை டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டுவிட்டு அவரை வாசலுக்கு அழைத்துப்போனார், இருதயம் ரொம்பத் தளந்துருச்சு, இன்னைக்கோ நாளைக்கோன்னு இல்ல, நாலு வருஷங்கூட இருக்கலாம், நாலு நாளும் இருக்கலாம், எதுவும் சொல்றதுக்கில்ல என்றார், சொல்றதுக்கில்லை என்று சொல்வதற்கு எதற்கு டாக்டர், எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அவர் அடுப்படிக்கு வந்து அந்தத் தாளை நாலாக மடித்தார், வேண்டாம்மா, விட்ரு என்றார், சரி என்றேன், சரி என்று சொன்ன வாய்தான், உள்ளே ஒருத்தி சண்டை போடுகிறாள், இவர் கண் காத்திருக்குமா, நாலு வருஷம் அவள் இருந்தால் இவர் எதைப் பார்ப்பார், இப்படி நினைக்கிறோமே என்று இன்னொருத்தி தலையில் அடித்துக்கொள்கிறாள், மதினி போய்விடுவாளோ என்று பயப்படுகிறேனா, அவள் போனால் பயணம் போய்விடும் என்று பயப்படுகிறேனா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, கட்டில் காலில் சாய்ந்தபடி கண்ணை மூடினால் பாலம் சுவரிலிருந்து இறங்கி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவில் நிற்கிறது, மாமனார் குடையோடு வருகிறார், மாமியார் வருகிறாள், அம்மா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறாள், எல்லாரும் கையில் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எங்களால ஒண்ணும் நிக்கலையே, நிக்கலையே என்று கேட்டபடி சிவப்புப் பாலத்தின்மேல் நடக்கிறார்கள், அது வெறும் மை, உள்ளே எதுவுமில்லை, விழுந்துவிடுவீர்கள் என்று கத்துகிறேன், என் தோளை யாரோ பிடித்து உலுக்குகிறார்கள், ஏ புள்ள, எந்திரி, எதிர்வீட்ல இருக்கிற பெட்டியைப் போய் எடுத்துட்டு வா என்கிறது குரல், கனவில் இல்லை, விடிந்திருக்கிறது, கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள் மதினி.

என்ன பெட்டிக்கா என்றார் அவர், பல்குச்சியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார், ஈரத்துணின்னு மூடிக்கிட்டுப் போனீங்களே அந்தப் பெட்டி, ஈரத்துணி எங்கயாச்சும் சக்கரம் வச்சு உருண்டு பாத்திருக்கியாடா நீ என்றாள், அதெல்லாம் இல்ல மதினி, நாங்க போகல, விட்டாச்சு என்றேன் நான், என் பக்கம் திரும்பினாள், எதுக்கு விடணும், பத்து மாசமா கட்டையா மல்லாந்து கிடக்கேன், காதும் அவிஞ்சா போச்சு, கண்ணு சுருங்குதுன்னு அவன் எத்தனதரம் உங்கிட்ட அழுதான்னு எனக்குத் தெரியும், அக்காட்ட சொல்லாதன்னு சொன்னதும் தெரியும், என்றவள் மூச்சு வாங்கினாள், நான் தண்ணீர் எடுக்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்தினாள், பெட்டிய எடுத்துட்டு வந்து என் கட்டிலுக்கு அடியில வை, பரஸ்தானம் இங்கதான் இருக்கணும் என்றாள், அக்கா அது வேத்து வீட்லதான வைக்கணும் என்றார் அவர், நான் வேத்து வீட்டுக்காரிதானடா என்றாள் மதினி, நம்ம அய்யா கிடந்தப்ப இதே கூடத்துல வச்சுத்தான சொன்னாங்க, கட்டிக்குடுத்தவ வேத்து வீடு, அவளுக்கு மூணு நாளுன்னு, அப்ப எனக்கு மூணு நாள்னா உங்களுக்கும் எங்கிட்ட மூணு நாள்தான, நீங்க ரயிலேறுன நிமிசம் நான் போய்ச் சேர்ந்தாலும் அந்த ஊரு வரதுக்குள்ள தீட்டு கழிஞ்சிரும், ரெண்டு ராத்திரி ரயிலுன்னு அவன்தான சொன்னான், பாதி வழியில திரும்பி வரக் கூடாது, சொல்லிட்டேன், தூக்கிப்போட ஊர்ல ஆளா இல்ல.

அவர் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார், தோள் குலுங்கியது, எனக்கும் தாங்கவில்லை, இத்தனை வருஷமாக நெஞ்சில் குத்திக்கொண்டே கிடந்த முள்ளைப் பிடுங்கி எங்களுக்கு வழிச்செலவுக்குக் கொடுக்கிறாளே என்று ஆற்றாமையாக வந்தது, நீங்க வேத்து வீடு இல்ல மதினி, அப்படிச் சொல்லாதீங்க என்று அழுதேன், அட, நீங்க போய்த் திரும்புற வரைக்கும் வேத்து வீடாவே இருந்துட்டுப் போறேன், ஊருலருந்து வந்ததும் மறுபடி உங்க வீட்டுக்காரி ஆயிக்கிறேன், இப்ப மூக்கச் சிந்தாமப் போய்ப் பெட்டிய எடு என்றாள், பிறகு சுவரைப் பார்த்தாள், நானும் இந்தப் பாலத்தையேதான பாத்துக்கிட்டுக் கிடக்கேன், தூங்குனாலும் ஆடுது, முழிச்சாலும் ஆடுது, நெசமாவே ஆடுதா, இல்ல உங்க அச்சாபீஸ் கோளாறான்னு ஒரு ஆளாவது பாத்து வந்து சொல்லுங்க என்றாள், ரூபி வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் போல, பெட்டியைத் தானே உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள், அத்தையை நான் பாத்துக்கிறேன்க்கா என்றாள், கட்டிலுக்கடியில் பெட்டியைத் தள்ளும்போது மதினியின் பிளாஸ்க்கையும் செருப்பையும் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுக்கிறேன், போயிட்டு வர்றோம் என்கிறோம், போயிட்டு வாங்க என்கிறாள், அந்த வாங்க என்பதை அழுத்திச் சொல்கிறாள், சென்னையில் ரயில் மாறி இரண்டு ராத்திரியும் நான் கைப்பேசியை மடியிலிருந்து எடுக்கவில்லை, அது அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம், ஒவ்வொரு நிலையத்திலும் டவர் வந்ததும் ரூபியைக் கூப்பிட்டேன், கஞ்சி குடிச்சாங்க, திட்டினாங்க என்றாள், திட்டினார்கள் என்று கேட்க அவ்வளவு ஆறுதலாக இருந்தது, இதோ காலை வெயிலில் ஆற்றின் மேல் நிற்கிறோம், தலைச்சுமைக்காரர்கள் இடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், பேருந்துகள் உறுமுகின்றன, தலைக்கு மேலே இரும்பு இரும்பாக வானம்வரை, அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலம் மெல்லக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாலத்தைத் துண்டு துண்டாகச் சேர்க்கிறார், நான் கூப்பிடுகிறேன், மதினி, பாலத்துல நிக்கிறோம் மதினி, சத்தம் கேக்குதா என்று கத்துகிறேன், மறுமுனையில் இருமல், இருமல், இருமல், நின்றது.

நின்றுவிட்டது, மதினி என்கிறேன், பதில் இல்லை, பேருந்துச் சத்தம் மட்டும், அவர் முழு முகத்தையும் என் பக்கம் திருப்பிப் பார்க்கிறார், என் கால் நடுங்குகிறதா, காலுக்கடியில் இரும்பு நடுங்குகிறதா என்று தெரியவில்லை, மூன்று பேர் சால்வையும் குடையுமாக இந்தப் பாலத்தைக் கடந்துபோவதைப் போல இருக்கிறது, பெற்ற தாயைக் கூப்பிடுவதுபோல மதினீ என்று வீறிடுகிறேன், ஏன் கத்துற, பாலச் சத்தத்தக் கேக்க விடுறியா என்கிறது கைப்பேசி, பிறகு மெதுவாக, ஆடுதா புள்ள என்று கேட்கிறாள், ஆடுது மதினி, நெசமாவே ஆடுது, காலெல்லாம் கூசுது என்று அழுகிறேன், இங்கயும் ஆடுது, ரூபி இப்பத்தான் ஃபேனைக் கூட்டி வச்சா என்றாள், பிறகு கொஞ்சம் தயங்கி, அவனுக்குத் தெரியுதான்னு கேளு என்றாள், கைப்பேசியை அவர் காதில் வைத்தேன், அவர் பாலத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே, தெரியுதுக்கா என்றார், ஒத்தப் பாலந்தான், சிவப்பு விலகாம சரியா உக்காந்திருக்கு, மறுமுனையில் மதினி மறுபடி இருமத் தொடங்கினாள், இரண்டு பேரும் ஒரே கைப்பேசியில் காதை வைத்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.