போர்வை லீவு போட்ட நாட்கள்

நேற்று செத்த கிருமி இன்று உயிரோடு வந்து நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? காலையில் லேபில் கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்தேன். தட்டு முழுக்கப் பச்சைப் பச்சையாய்க் கிருமித் திட்டுகள். போன வாரம் இதே கிருமி, அதைக் கொல்ல இதே டைட்டானியம் ஆக்ஸைடு நானோ பொடி, இதே உப்புத் தண்ணீர். அன்றைக்குத் தட்டு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இன்றைக்குக் காடாய் வளர்ந்து கிடக்கிறது.

"சனியனே!" என்றேன்.

"திட்டினா பயந்து செத்துடுமா?" என்றார் போர்வை.

போர்வை என் சீனியர். எந்தக் குடுவையைக் கண்டாலும் அலுமினியத் தாளைச் சுற்றிப் போர்த்திவிடுவார், அதனால் அந்தப் பெயர். முன்பு வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் மருந்துகளோடு மாரடித்தவர். அந்த வேலையை விட்டும் பழக்கம் அவரை விடவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அக்கா வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சர்க்கரை நோய். வலது பாதத்தில் ஆறாத புண், அதில் எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிருமி. முன்பாதத்தை எடுத்துவிடலாம் என்கிறார் சர்ஜன். எடுத்துவிட்டால் மனிதர் பிரேக்கை எதை வைத்து மிதிப்பார்?

எங்கள் பொடி பூசிய கட்டுத்துணியை நோயாளிகளிடம் சோதிக்க அனுமதி வாங்கியிருந்தவரும் அதே சர்ஜன்தான். "மூணு தடவை ஒரே மாதிரி கொல்லுதுன்னு காட்டுங்க, உங்க மாமாவையும் சேர்த்துக்கறேன். அதுவரைக்கும் வெட்டாம இழுத்துப் பார்க்கிறேன்" என்று சொல்லியிருந்தார். பாழாய்ப்போன பொடி இரண்டு தடவை கொல்லும், மூன்றாவது தடவை காலை வாரிவிடும்.

மதியம் அக்கா போன் செய்தாள். "என்னடி ஆச்சு?"

"அதுக்கு மனசு இருந்தா வேலை செய்யுது. இல்லைன்னா இல்ல."

"உன் பொடி என்ன கவர்மென்ட் ஆபீஸாடி?" என்றவள் உடனே குரலை இறக்கினாள். "கறுத்துக்கிட்டே வருதுடி. நாளைக்கு முடிவு சொல்லுங்கன்னு டாக்டர் கேட்டுட்டார்."

போனை வைத்ததும் எரிச்சல் முழுக்கப் போர்வை மேல் பாய்ந்தது. "நீங்க லீவு போட்டா மட்டும் கிருமி சாகுது சார். உங்க கை ராசி அப்படி!"

"நான் என்னம்மா பண்ணேன்? ஜன்னலோரம் ஷேக்கர்ல உன் குடுவை எல்லாம் அம்மணமா ஆடிட்டு இருக்கும். பாவமேன்னு தாள் சுத்திவிடுவேன். அவ்வளவுதான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "அடப்பாவி மனுஷா!" என்று சீனியர் என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

உடனே கிருமி கலந்த மூன்று குடுவைகளை ஜன்னலோர வெயிலில் ஆடவிட்டேன். பொடி போட்டுத் தாள் சுற்றியது ஒன்று. பொடி போட்டுத் திறந்தபடி ஒன்று. பொடியே இல்லாமல் திறந்தபடி ஒன்று. சாயங்காலம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துத் தனித்தனித் தட்டில் தடவி இன்குபேட்டரில் வைத்தேன். மறுநாள் காலை, திறந்து கிடந்த பொடியின் தட்டில் ஒரு திட்டுகூட இல்லை. மற்ற இரண்டும் பச்சைப் பசேல். வெயில் பட்டால்தான் அந்தப் பொடிக்கு உயிர் வருகிறது. தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனுக்கு வெறி ஏற்றிவிடுகிறது. அது கிருமியின் தோலைக் கடித்துக் குதற, உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகிக் கிருமி சாகிறது. போர்வையைக் கட்டிப்பிடிக்காத குறைதான். படங்களை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சர்ஜனிடம் கொட்டினேன்.

"வெளிச்சம் பட்டாத்தான் கொல்லுமா?" என்றார் அவர்.

"ஆமாம் டாக்டர்! பட்டா ஒண்ணுகூடத் தப்பாது!"

அவர் நர்ஸின் கைகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பஞ்சு, அதன் மேல் துணி, அதன் மேல் இன்னொரு சுற்றுத் துணி. அந்த இருட்டுக்குள் என் பொடி வெறும் சுண்ணாம்புத் தூள். இத்தனை படித்தும் இது உறைக்கவில்லையே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

"கட்டைப் பிரிச்சுட்டு ஜன்னல் பக்கம் காலை நீட்டினா ஆகாதாடி?" என்றாள் அக்கா.

"அதுக்குக் கிருமி எது, மாமா சதை எதுன்னு தெரியாதுக்கா. ரெண்டையும் குதறிடும். இது எலும்பு வரைக்கும் வேற இறங்கிடுச்சு. வெயில் அங்கே போகாது."

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சில நாள் சாகுது, சில நாள் சாகலைன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தியே. காரணம் கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு மாமா."

"அப்ப சந்தோஷமா இரேன். ஏம்மா அழற?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சர்ஜனிடம் கேட்டாள். "எத்தனை மணிக்கு எடுப்பீங்க டாக்டர்?"