நாலாவது துண்டு

என் வீட்டுக்காரர் இருபது வருடமாக, போனில் பேசும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இங்கிலீஷ் உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தவர். நீளமான வார்த்தை வந்தால் துண்டு துண்டாக உடைப்பார். ஒவ்வொரு துண்டுக்கும் விரல் நுனியால் மேஜையில் மெல்லத் தட்டுவார். அழுத்திச் சொல்ல வேண்டிய துண்டு வந்ததும் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அறை. எங்கள் வீட்டு மேஜைக்குக் காது இருந்தால் எப்போதோ செவிடாகியிருக்கும்.

அந்த வாய் மூன்று நாளாக மூடிக் கிடந்தது. பக்கவாதம். காலையில் டாக்டர், "இடது கையைத் தூக்குங்க சார்," என்றார். தூக்கவில்லை. "கண்ணை மூடுங்க." மூடவில்லை. என்னை வெளியே கூப்பிட்டு, "நாம பேசறது அவருக்குப் புரியுதான்னே தெரியலம்மா. சாயந்திரம் இன்னொரு தடவை பார்க்கறேன்," என்றார்.

அவரால் நடக்க முடியாவிட்டால் தாங்கிக்கொள்வேன். பேச முடியாவிட்டால் இருவருக்கும் சேர்த்து நானே பேசுவேன், அதில் எனக்கு ஒன்றும் குறைச்சலில்லை. உள்ளே அவரே இல்லையென்றால் நான் என்ன செய்வேன்?

கட்டிலருகே உட்கார்ந்து வீட்டுக் குழாய் ஒழுகுவதையும் மகள் போன் செய்ததையும் சொன்னேன். அவர் பார்வை கூரையைவிட்டு இறங்கவில்லை. பேச்சு தீர்ந்ததும் பையிலிருந்த அவருடைய வார்த்தைப் பட்டியலை எடுத்து, கட்டில் விளிம்பில் தட்டித் தட்டி வாசித்தேன். "எ-ஜு-கே-ஷன்." மூன்றாவதில் அறைந்தேன். சரிதான். அவரிடம் அசைவே இல்லை.

அடுத்தது, "ரெ-ஸ்பான்-ஸி-பி-லி-ட்டி." இரண்டாவதில் அறைந்துவிட்டேன். இந்த ஒரு வார்த்தையில் மட்டும் எனக்கு எப்போதும் தப்பு. "வார்த்தையோட வால் நீண்டா அழுத்தம் தள்ளிப் போகும், நாலாவதுல அடி! எத்தனை தடவை சொல்றது?" என்று அவர் தலையில் அடித்துக்கொள்ளாத வருடமில்லை.

போர்வைமேல் ஏதோ அசைந்தது. அவருடைய இடது கை. விரல் நுனியால் மெல்ல மூன்று தட்டு. நாலாவதற்கு உள்ளங்கை விழுந்தது. பிறகு மெல்ல இரண்டு.

தற்செயலாக இருக்குமோ? அவர் கை பக்கத்தில் என் கையை வைத்து, வேண்டுமென்றே மறுபடி இரண்டாவதில் அறைந்தேன். அவர் பார்வை கூரையிலிருந்து இறங்கி என்மேல் நின்றது. புருவம் சுருங்கியது. மூன்று மெல்ல. நாலாவது என் கைமேலேயே பளாரென்று விழுந்தது.

வலித்தது. கதவைத் திறந்து கத்தினேன்.

"சிஸ்டர், டாக்டரைக் கூப்பிடுங்க! என்னைத் திட்டறாரு!"