மூன்றாம் வீட்டில் விழும் சத்தம்

1

“சொல்லுங்கோப்பா. பம்படியில எல்லாரும் நிக்கறா. போய் நின்னு, ‘நான் என் பொண்ணை அடிக்கறதில்லை’ன்னு சொல்லுங்கோ.”

“மெதுவாப் பேசுடி.”

“எதுக்கு மெதுவாப் பேசணும்? வேஷம் போனது எனக்கில்லையா?”

“இப்போ நீ கத்தறதையும், அடி வாங்கிண்டு அழறேன்னுதான் நினைச்சுப்பா.”

அத்துடன் ஒரு பாத்திரம் உருண்டது. (காமாக்ஷி மாமியின் கையிலிருந்து நழுவிய தாம்பாளம். யாரும் வீசவில்லை. விசாரித்துவிட்டேன்.)

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. தொண்ணூற்று நாலாம் வருஷம், பாளையங்கோட்டையில் ஐந்து வீடும் ஒரு அடிபம்பும் உள்ள காம்பவுண்டு. நான்காம் வீடு என்னுடையது. மூன்றாம் வீட்டில் கணக்கு வாத்தியார் சுந்தர்ராமன், மனைவி காமாக்ஷி, நாடகம் படிக்கும் மகள் ஹம்ஸினி. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ஒட்டுக்கேட்டதாகச் சொல்பவர்கள் சுவர் கட்டின கொத்தனாரைப் போய்க் கேட்கட்டும்.

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: ‘தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஹம்ஸினிக்குச் சிறுவயது முதலே நாடகத்தின்மேல் தீராத...’

அடித்துவிட்டேன். சிறுவயது முதலே அவளுக்கு எதன்மேலும் தீராதது எதுவும் கிடையாது. பி.காம். இடம் கிடைக்காமல் நாடகப் பட்டயப் படிப்பில் போய் உட்கார்ந்தவள்.

அடுத்து: ‘ஒரு பெண் விழுந்துகொண்டே இருந்தாள்.’ இது கேட்க நன்றாயிருக்கிறது. அதனாலேயே இதன்மேல் எனக்குச் சந்தேகம்.

நேராகவே சொல்கிறேன். கூடப் படித்த மேலப்பாளையம் அலி அஸ்கர் வீட்டில் வீடியோ டெக் இருந்தது. வாப்பா சவுதியிலிருந்து கொண்டுவந்தது. வகுப்பே அங்கே போய்ச் சீனச் சண்டைப் படங்களாகப் பார்த்துத் தள்ளியது. மற்றவர்கள் அடிக்கிறவனைப் பார்த்தார்கள். ஹம்ஸினி அடி வாங்குகிறவனைப் பார்த்தாள். கதாநாயகனைப் பத்துப் பேர் சூழ்ந்திருப்பார்கள். ஒருவன் உதை வாங்கி முடிக்கும்வரை மற்றவர்கள் ரேஷன் கடையில் நிற்பதுபோலக் காத்திருப்பார்கள். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் அது. அவள் சிரிக்கமாட்டாள். காத்திருப்பது தெரியாமல் காத்திருப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும் என்பாள். உதையின் கனம் உதைத்தவன் காலில் தெரியாது, விழுந்தவன் முதுகில்தான் தெரியும் என்பாள். அந்தப் படங்களில் பெண்கள் தேநீர் ஊற்றுகிற அதே முகத்தோடு உதைக்கிறார்கள். நம் நாடகக்காரர்கள் மட்டும் பெண் என்றால் பிணத்தின் தலைமாட்டில் உட்காரவைத்துவிடுகிறார்கள் என்று பொருமுவாள். சேர்ந்த நாளாக அவளுக்குக் கிடைத்த வேஷமெல்லாம் தலைமாடுதான்.

(இடைக்குறிப்பு: மேடையில் அறை விழும்போது ‘பளார்’ என்று கேட்கிறதே, அது அறைகிறவர் போடும் சத்தமில்லை. அறைகிற கை கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளியே போய்விடும். வாங்குகிறவர், பார்ப்பவர் கண்ணில் படாமல், தன் கைகளைத் தட்டிக்கொள்வார். ஹம்ஸினி இதை என் அடுக்களையில் செய்து காட்டினாள்.)

3

அந்த வருஷக் கடைசி நாடகம் ஒரு வாய்க்கால் தகராறு. அண்ணன் தம்பியைப் புரட்டி எடுக்க வேண்டும். தம்பி விழுந்து விழுந்து எழுந்து, கடைசியில் எழாமல் போக வேண்டும். தம்பியாக நடிக்க இருந்த பையனுக்கு மஞ்சள் காமாலை. நாடகம் போடும் கல்லூரி ஆசிரியர் பாக்கியசீலன் பின்னாலேயே அலைந்து ஹம்ஸினி அந்த வேஷத்தை வாங்கிவிட்டாள். அண்ணன் வேஷம் அலி அஸ்கருக்கு.

விழுந்து பழக வீட்டுக் கூடம்தான் இடம். கூடத்து மேஜையை நகர்த்த அப்பா வேண்டும். அதனால் தினமும் சுந்தர்ராமன் பள்ளிவிட்டு வந்த பிறகே பயிற்சி. மேஜையை இழுத்துப் போட்டுவிட்டு அவர் ஓரமாக உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்துவார். கீழே விரிக்க இருந்தது ஒரு மெல்லிய பத்தமடைப் பாய். மாப்பிள்ளை உட்கார வேண்டுமானால் அது சரி. விழுவதற்கு அதை விரித்தாலும் ஒன்றுதான், விரிக்காவிட்டாலும் ஒன்றுதான்.

ஆகக் காம்பவுண்டுக்குக் கேட்டது இது: வாத்தியார் சைக்கிள் மணி. மேஜை இழுபடும் சத்தம். ‘பளார்’. பொத்தென்று ஒரு விழுகை. “அம்மா!”

காலையில் பம்படியில் பார்த்தால் அந்தப் பெண்ணின் கன்ன எலும்பில் கன்றிப்போய் ஒரு நீலம்.

“அந்த மனுசன் வாயத் தொறந்து பேசமாட்டாரு. அப்படியாப்பட்டவங்கதான் கைய நீட்டுதாங்க” என்றாள் முதல் வீட்டு இசக்கியம்மா. அது நாடகப் பயிற்சி என்று நான் சொல்லிப் பார்த்தேன். “அப்படிச் சொல்லுன்னு அவருதான் சொல்லிக் குடுத்திருப்பாரு” என்றாள்.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனிமேல் வருவது எனக்குக் கசக்கிறது. காம்பவுண்டில் ஒருவரும் அவரிடம் போய், ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. மரியாதை கூடியது. இரண்டாம் வீட்டு தேவசிகாமணி, ஹம்ஸினி படிக்கும் கல்லூரியின் அலுவலகத்தில் குமாஸ்தா. தன் ஸ்கூட்டரை மூன்றாம் வீட்டு வாசலை மறித்தே நிறுத்துவார். சுந்தர்ராமன் எத்தனையோ தடவை தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்து ஓய்ந்திருந்தார். இப்போது அவர் வாயைத் திறக்காமலே ஸ்கூட்டர் நகர்ந்தது. “சார்வாளுக்கு இடைஞ்சலா இருக்குமேன்னுதான்” என்று தேவசிகாமணி பைய இளித்தார். செய்தி பள்ளிக்கும் எட்டி, ஒன்பதாம் வகுப்பு சத்தமில்லாமல் கணக்குப் போட்டதாம்.

சுந்தர்ராமனை நான் சரியாக எழுதுகிறேனா என்பது சந்தேகம். கரப்பான்பூச்சியைக்கூடப் பேப்பரில் ஏந்திப் போய் வெளியே விடுகிற மனிதர். பம்படிப் பேச்சை மாமி சொன்னபோது பதறிப்போனார். அதுவும் உண்மை. மறுநாள் உள்ளே வரும்போது சைக்கிள் மணி அடிக்காமல் லேசாக இருமினார், தேவசிகாமணி எழுந்து நின்றார். அதுவும் உண்மை. தனக்காக ஒருவர் எழுந்து நிற்பதை அவர் அதற்குமுன் பார்த்திருக்கமாட்டார்.

[அவரைக் குறை சொல்லி ஒரு பத்தி எழுதி, எடுத்துவிட்டேன்.]

4

தேவசிகாமணி வழியாகச் செய்தி கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. பாக்கியசீலன் இளகின மனசுக்காரர். ஹம்ஸினியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“வீட்டுல இப்படி இருக்கையில மேடையிலயும் உன்னை அடி வாங்க வைக்க எனக்கு மனசு வரலம்மா. நீ தம்பி பொஞ்சாதியா உக்காந்து அழு. உனக்கு நெசமாவே வரும்.”

அவள் மறுக்க மறுக்க அவர் கண் கலங்கியது. திரும்பவும் தலைமாடு. நாடகத்துக்கு இருந்தது ஒரு வாரம். அன்று சாயங்காலம்தான் முதல் பகுதியில் நீங்கள் கேட்ட சண்டை. அங்கே நான் எழுதாமல் விட்ட மிச்சத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். தாம்பாளம் உருண்டு ஓய்ந்த பிறகு ஹம்ஸினி குரலைத் தாழ்த்தினாள். காதைச் சுவரில் வைக்க வேண்டியதாயிற்று.

“நான் நன்னா விழுந்தேன்ப்பா. அதனாலதான் உங்களைப் பெரிய ஆளுன்னு நம்பிட்டா. நான் விழுந்து சம்பாதிச்சதை நீங்க வச்சுண்டுட்டேள்.”

பரீட்சைப் பேப்பர்களை அடுக்கும் சத்தம் கேட்டது.

“சொன்னா நம்பமாட்டாடி.”

“அப்போ காமிக்கலாம். அடிக்கறாப்பல நீங்க கையை வீசுங்கோ, நான் விழறேன். கை படலைன்னு எல்லாரும் பாக்கட்டும்.”

“காலம்பற எல்லாரும் தண்ணி பிடிக்கற நேரத்துக்கா?” என்றார் சுந்தர்ராமன்.

5

பம்படியில் எல்லோரும் இருந்தோம். வாத்தியார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஹம்ஸினி பாவாடையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் நின்றாள்.

“எல்லாரும் பாருங்கோ. அப்பா இப்போ என்னை அறையப் போறார். வீட்டுல சாயங்காலம் கேக்கற சத்தம் இதுதான்.”

இசக்கியம்மா குடத்தைக் கீழே வைத்தாள்.

சுந்தர்ராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டார். கையை ஓங்கினார். கை அவருடைய காதுக்கு நேரே போய் நின்றது. இறங்கவில்லை.

‘பளார்.’

ஹம்ஸினி அரைச் சுற்றுச் சுற்றி ஈரச் சிமெண்டில் பொத்தென்று விழுந்தாள். தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம். வாத்தியாரின் கை இன்னும் காதுக்கு நேரேதான் இருந்தது.

“நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேடி” என்றார்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இசக்கியம்மாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும். தேவசிகாமணிக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. “சார்வாள், கைய இறக்குங்க. வலிக்கப் போவுது” என்றார். அன்று மத்தியானத்துக்குள் கல்லூரி முழுக்கச் சொல்லியும் முடித்தார். ‘ஈயைக்கூட அடிக்கத் துப்பில்லாத மனுசன்’ என்பது அவர் வாக்கு.

சாயங்காலம் ஸ்கூட்டர் பழையபடி மூன்றாம் வீட்டு வாசலை மறித்து நின்றது. ஒன்பதாம் வகுப்பில் இரைச்சல் திரும்பியது. ஹம்ஸினிக்குத் தம்பி வேஷம் திரும்பக் கிடைத்தது. நாடகத்தில் அவள் விழுந்த விழுகையில் சனங்கள் அலி அஸ்கரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள். முடிவில் கைதட்டலும் அவனுக்குத்தான். சரியாக விழுந்ததற்கு அதுதான் அடையாளம் என்று அவள் வீட்டில் சொன்னாளாம். ஆனால் சாப்பிடாமல் படுத்துவிட்டாள் என்று மாமி சொன்னாள்.

6

முடிவை என்னிடம் கேட்காதீர்கள். என்னிடம் மூன்று இருக்கின்றன.

பதற்றத்தில் அவள் முந்திக்கொண்டு விழுந்துவிட்டாள். கைவசம் இருந்த ஒரே வித்தை, வேண்டிய நேரத்தில் சொதப்பிவிட்டது. இது இசக்கியம்மாவின் கட்சி.

அப்பாவின் கை இறங்காது என்பதை அவள் பார்த்துவிட்டாள். நன்றாக விழுந்தால் மறுபடியும் நம்பிவிடுவார்கள். அதனால் வேண்டுமென்றே மோசமாக விழுந்தாள். காம்பவுண்டே பார்த்துச் சிரிக்கும்படி. இது அலி அஸ்கரின் கட்சி. சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

மூன்றாவது, அன்று நடித்தது ஹம்ஸினியே இல்லை, வாத்தியார். வைத்துக்கொண்ட மரியாதையைத் திருப்பிக் கொடுப்பதற்காகக் கையைக் காதுக்கு நேரே நிறுத்தி... வேண்டாம், இதற்குமேல் எழுதினால் நான் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன். நீங்களும் அங்கே பம்படியில்தானே நின்றீர்கள். பார்த்ததை நீங்களே சொல்லுங்கள்.

மற்ற விவரங்களில் எனக்குச் சந்தேகமில்லை. அலி அஸ்கர் தன் மாமா மகள் நிலோஃபரைக் கட்டிக்கொண்டு சவுதியில் தம்மாமுக்குப் போய்விட்டான். பாக்கியசீலனுக்குத் தூத்துக்குடியில் பெண் எடுத்தார்கள், ஜாகையும் அங்கேதான். தேவசிகாமணி பாபநாசம் பக்கம் வீடு கட்டிக் குடிபோனார். ஹம்ஸினியை நாக்பூரில் பேங்க் வேலையிலிருக்கும் சுப்பராமன் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்குச் சினிமாவே ஆகாது என்று கேள்வி. வாத்தியார் ரிட்டயரானதும் மாமியோடு அங்கேயே போய்விட்டார். ஹம்ஸினி ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விழக் கற்றுக்கொடுக்கிறாளாம். அடிக்க யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லையாம். மாமி எழுதியிருந்தாள். நான் போய்ப் பார்த்ததில்லை.