அடியிலிருந்த பிரதி

மேசைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பிரதி, ஒரே அட்டை, ஒரே நீலம், மேலே இருந்ததன் முனை நாலு பேர் புரட்டியதில் மடங்கியிருந்தது, ரெண்டுமாம்மா என்று பில் போடுகிறவர் கேட்டபோதுகூட செண்பகவல்லிக்கு உறைக்கவில்லை, ஆமாம் என்று தலையாட்டினாள், எந்த நாவலானாலும் இரண்டாக வாங்கித்தானே பழக்கம், புத்தகக் கண்காட்சியின் கூட்டத்தில் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் கணவர் தில்லைநாயகம் போன ஆடியில் இறந்துபோனது ஞாபகத்துக்கு வந்தது, அழுகை ஒன்றும் வரவில்லை, கை தன் பாட்டுக்கு எடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் ஒரு புத்தகம்தான் வாங்கினார்கள், அவர் முதலில் படித்து முடித்துவிட்டு, சோறு போடும் நேரம் பார்த்து, ஏட்டி, அந்தக் கப்பல்காரன் திரும்பி வரவே மாட்டான் பாத்துக்க, என்பார், குழம்புக் கரண்டி அப்படியே நிற்கும், அன்றைக்கு ரசம் கிடையாது, அந்தச் சண்டைக்குப் பிறகுதான் ஆளுக்கொரு பிரதி, ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டும் என்று ஒப்பந்தம், சொந்தக்காரர்கள் இதுகளுக்குக் கிறுக்கு என்றார்கள், இருக்கட்டும், அடியில் இருக்கும் கசங்காத பிரதியைத்தான் அவர் உருவுவார், மேலே இருப்பது ஊரார் கை பட்டது, அது உனக்கு என்பார், மகாராஜா பார், அவர் ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் முந்துவார், இவள் உலை கொதிக்கும் நேரத்தில் முந்துவாள், பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடக்கிறார், இவள் சத்தமாக வாசித்துக் காட்டுகிறாள், முதல்முறையாக இருவரும் ஒரே வரியில் இருக்கிறார்கள், அதில் ஒரு சுவாரசியமும் இல்லை, பாதியில் அவர் போய்விட்டார், மீதியை அவள் திறக்கவில்லை, அதிலிருந்து எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நாலு பக்கத்தில் மூடிவிடுகிறாள், முந்துவதற்கு ஆளில்லாமல் என்ன படிப்பு.

வாசலருகே சிறை நூலகத்துக்குப் புத்தகம் தாருங்கள் என்று பலகை, மேசைக்குப் பின்னால் ஒரு பெண் காவலர், செண்பகவல்லி இரண்டையும் வெளியே எடுக்கிறாள், அவருடையதைக் கொடுத்துவிடுவதுதான் நியாயம், அவர்தான் இல்லையே, காவலரும் கசங்காததை நோக்கித்தான் கை நீட்டினாள், ஆனால் செண்பகவல்லியின் விரல்கள் விடவில்லை, அது வேண்டாம்மா, இதை வச்சுக்கிடுங்க, முனை மடங்கியிருக்கு, பரவால்லையா, என்று தன்னுடையதை நீட்டினாள். அதெல்லாம் பரவால்லம்மா, சாயங்காலமே வண்டி போயிரும், உள்ள நாவலுக்குத்தான் அடிபிடி, ராத்திரிக்குள்ள யாராவது ஆரம்பிச்சிருவாக, என்றாள் காவலர், அதைப் புத்தகக் கட்டின்மேல் வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தாள்.

இன்றைக்கேவா, என்று தனக்குள் கேட்டுக்கொண்டே செண்பகவல்லி பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறாள், நடை தானாக வேகம் பிடிக்கிறது, யாரோ ஒருவன், முகம் தெரியாதவன், பகலெல்லாம் சும்மா இருக்கிறவனாகவும் இருக்கலாம், உலை வைக்க வேண்டாம், துணி துவைக்க வேண்டாம், அவன் பாட்டுக்குப் படித்துத் தள்ளிவிடுவான், பஸ்ஸில் உட்கார்ந்ததும் தில்லைநாயகத்தின் பிரதியைப் பிரிக்கிறாள், கண்டக்டர் கேட்கும்போது தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டுகிறாள், நாலு பக்கம் எப்போது தாண்டியது என்று தெரியவில்லை, நடுவில் கண் நிறைந்து எழுத்தெல்லாம் கலங்கியது, புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள், அழுவதற்கெல்லாம் இப்போது நேரமில்லை.