முதல் மிதி

அத்தையின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை அத்தான்தான் ஓட்டி வந்தார். பக்கத்து இருக்கையில் அத்தை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலமெல்லாம் ஆம்புலன்ஸ் ஓட்டியவள் அவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, யாரோ ஓட்டிய பழசாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஆசை ஆசையாய் வாங்கிய வண்டி அது. அவளை மூட்டை மாதிரி பக்கத்தில் போட்டுக்கொண்டு மகன் வந்து இறங்கியதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு மூக்கு நுனியில் கோபம். என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற எல்லோருக்கும் அது தெரியும்.

வாசலில் நின்றபடியே அத்தை கேட்டாள். "பிரேக்ல கோளாறா, என் கால்ல கோளாறா? அதை மட்டும் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"அதான் மூணு இடத்துல காட்டியாச்சேம்மா," என்றார் அத்தான். "பிரேக் நல்லா இருக்கு. உனக்குத்தான் சுகர், காலு மரத்துப் போச்சு. ஒத்துக்கயேன்."

"என் காலுக்கு ஒரு கேடும் இல்ல."

நடந்தது இதுதான். போன வாரம் தெருமுனையில் திரும்பிய அத்தை பிரேக்கை மிதிக்க, மிதி பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டதாம். முன்னால் போன சைக்கிள்காரர் மீது வண்டி இடித்ததில், மனிதர் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். அன்றைக்கே அத்தான் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். வண்டியை வாங்க இன்றைக்குச் சாயங்காலம் ஒரு ஆள் வருகிறார். அத்தைக்கோ அன்றிலிருந்து கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை.

நான் ஏறி உட்கார்ந்து மிதித்தேன். கல்லு மாதிரி இருந்தது. பிரேக் ஆயில் நிறைய இருந்தது, கலங்கலும் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, குழாய் குழாயாகத் தடவினேன். எங்கும் கசிவில்லை. குழாயில் காற்று புகுந்திருந்தாலும் மிதி அமுங்கும். நாலு சக்கரத்திலும் காற்று எடுக்கிற திருகைத் திறந்து பார்த்தேன். ஆயில்தான் வந்தது, ஒரு குமிழி கூட வரவில்லை. தெருவில் ஒரு சுற்று ஓட்டினேன். அருமையாகப் பிடித்தது.

துணியை எடுத்துக் கையைத் துடைத்தேன். உன் கால்தான் அத்தை என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

"நான் ஓட்டினாத்தான் அது உள்ள போகுது," என்றாள் அத்தை.

"அதைத்தானேம்மா நானும் கத்திக்கிட்டிருக்கேன்!" என்றார் அத்தான்.

எனக்கு அங்கேதான் மண்டைக்குள் அரிக்க ஆரம்பித்தது. ஒருத்தி ஓட்டினால் மட்டும் வருகிற கோளாறு என்றால் அவள் எப்படி ஓட்டுகிறாள் என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்களா? மூன்று ஒர்க்‌ஷாப்பிலும் அவளைச் சாவியைத் தொட விடவில்லையாம். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், லாரிகள் திரும்புவதற்குப் போட்ட சிமெண்டுத் தரை காலியாகக் கிடந்தது. அத்தை அங்கே ஓட்டட்டும் என்றேன்.

"அம்மா ஓட்டக் கூடாது."

"இங்க மெக்கானிக் யாரு, நீங்களா நானா? அந்த ஸ்டூல்ல போய் உக்காருங்க அத்தான். முடியாதுன்னா வண்டியை எடுத்துக்கிட்டு கிளம்புங்க, ஆளை விடுங்க."

அத்தான் போய் உட்கார்ந்தார்.

அத்தை ஓட்டினாள். அடடா, என்ன ஓட்டு! ஆம்புலன்ஸில் பின்னால் படுத்திருப்பவர் உருளக் கூடாதே என்று பழகின கை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் கணக்குப் பண்ணிவிடுகிறாள். வளைவு முழுக்கப் பிரேக்கைத் தொடவே இல்லை. கார் ஒரே இழுப்பாகத் திரும்பி நேரானது. அப்புறம் மிதித்தாள். மிதி தரை வரைக்கும் போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். இரண்டாவது மிதிக்கு வண்டி நின்றது.

"பாத்தியாடி! பாத்தியா!"

இடம் மாறி உட்கார்ந்து அதே சுற்றை நான் ஓட்டினேன். கல்லு. மறுபடி ஓட்டினேன். கல்லு. அத்தை ஓட்டினால் பஞ்சு. இதென்னடா கூத்து, வண்டியும் அத்தான் பக்கம் சேர்ந்துகொண்டதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஏண்டி," என்றாள் அத்தை, "ஏறினதும் எதுக்கு அந்த மிதியை டப்பு டப்புன்னு ரெண்டு தட்டு தட்டுற?"

"அது பழக்கம் அத்தை. அடுத்தவங்க வண்டியாச்சே, பிரேக் இருக்கான்னு பாத்துக்குவோம். எல்லா மெக்கானிக்கும் தட்டுவாங்க."

"சரி, வளைவுலயும் தட்டினியே?"

யோசித்துப் பார்த்தேன். தட்டியிருக்கிறேன். தட்டினது கூட எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தடவை வலது காலைப் பிரேக்கிலிருந்து தள்ளியே வைத்துக்கொண்டு வளைத்தேன். விரல்கள் துடித்தன, அடக்கினேன். நேரானதும் மிதித்தேன். மிதி சரேலென்று தரைக்குப் போனது. எதிரே காம்பவுண்டுச் சுவர்.

"ஐயோ அத்தை!"

"மறுபடி மிதி, மறுபடி மிதி! பிடிக்கும்!"

பிடித்தது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. அத்தை வாய்விட்டுச் சிரித்தாள்.

இனி எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஜாக்கி போட்டு முன் சக்கரங்களைத் தூக்கினேன். இடது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். 'டக்' என்று மெல்லிசாய் ஒரு ஆட்டம் கைக்குத் தெரிந்தது. அத்தானையும் கூப்பிட்டு ஆட்டச் சொன்னேன்.

"பேரிங் தேஞ்சிருக்கு அத்தான். வேகமா வளைக்கும்போது சக்கரம் சாயுது. அதோட சுத்துற டிஸ்க்கும் சாஞ்சு, அதைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேடை விலக்கி உள்ள தள்ளிடுது. அப்புறம் மிதிச்சா, முதல் மிதி அந்த பேடைத் திரும்பக் கொண்டு வர்றதுக்கே சரியாப் போயிடுது. ரெண்டாவதுதான் பிடிக்கும். நாங்க எல்லாரும் தட்டித் தட்டி அதைச் சரி பண்ணிக்கிட்டே ஓட்டியிருக்கோம். அத்தை ஒழுங்கா ஓட்டினா, மாட்டிக்கிட்டா."

அத்தான் இன்னொரு தடவை சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். பிறகு வாங்க வருகிறவருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றார். "தப்பும்மா. என் தப்புதான்," என்று சாவியை நீட்டினார். எனக்கு ஒரே சந்தோஷம். நாலு வார்த்தை சுருக்கென்று கேட்கலாம் என்று நாக்கு துறுதுறுத்தது.

அத்தை சாவியை வாங்கவில்லை. அடுக்கியிருந்த டயர்கள் மேல் உட்கார்ந்தாள்.

"வலது கால்ல ரெண்டு விரல்ல உணர்ச்சி இல்லடா," என்றாள். "ரொம்ப நாளாவே."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லியிருந்தா, பிரேக்கை யாராவது பாத்திருப்பீங்களா?"

அத்தானைக் கேட்க வைத்திருந்த அந்த நாலு வார்த்தை எங்கே போனதோ தெரியவில்லை.

அத்தான் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆயில் கறை படிந்த தரையிலேயே குந்தி உட்கார்ந்தார். அவள் செருப்பைக் கழற்றி, பாதத்தை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். கட்டைவிரலை அழுத்தினார்.

"இது தெரியுதாம்மா?"

"தெரியுது."

அடுத்த விரலை அழுத்தினார். அத்தை எங்கேயோ பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ம், அழுத்துடா," என்றாள்.

அத்தான் தன் நகம் வெளுக்கிற மாதிரி அழுத்திக்கொண்டுதான் இருந்தார்.