சர்க்காருக்குப் போட்ட ஆட்டுத் தொண்டை

எழுபத்தாறாம் வருஷக் கோடையில் மரக்காணம் உப்பளம் முழுக்க ஒரே பேச்சு: கொளஞ்சியம்மாளின், அதாவது என், நாய்க்கு வெறி பிடித்துவிட்டதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உப்புக் குவியலுக்குக் காவல் இருக்கும் என் நாய் சர்க்காருக்கா வெறி?

உள்ளுக்குள் பயமும் இருந்தது. எவ்வளவு தின்றாலும் அதன் விலா எலும்பை எண்ணலாம். நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும். குடம் குடமாய்த் தண்ணீர் குடிக்கும். கண் மூடாமல் வரப்பைச் சுற்றிச் சுற்றி ஓடும். கடைசியில் மேஸ்திரி பஞ்சநாதன் தடியோடு வந்து நின்றார்.

"ஆளுங்கள கடிச்சா யாரும்மா பொறுப்பு? இன்னைக்கே அடிச்சிடுறேன்."

"தொட்டுப் பாருங்க, அப்புறம் நான் கடிக்கிறேன்!" என்று கத்திவிட்டு, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். அது முரண்டு பிடித்தபோதெல்லாம் கறிக்கடைப் பொட்டலத்தை மூக்கருகே காட்டினேன்.

டாக்டர் சர்க்காரின் நெஞ்சில் கை வைத்தார். "இன்னா இது, இஞ்சின் மாதிரி அடிக்குது! எத்தினி நாளா இப்படி?"

"ரெண்டு மாசமா சார்."

"வெறின்னா பத்து நாள்ல செத்திருக்கும். இது வேற. பொட்டலத்துல இன்னா?"

"ஆட்டுத் தொண்டைங்க. தெனமும் ஏழெட்டு போடுறேன். கறிக்கடை பாய் சும்மாவே குடுக்குறாரு." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நாய்க்குக் குரல் கம்மிப்போச்சு சார். தொண்டை தின்னா நல்லா கொலைக்கும்னு எங்க அளத்துல எல்லாரும் சொன்னாங்க."

டாக்டர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். ஒரு தொண்டையைக் கீறி, அதில் ஒட்டியிருந்த இரண்டு சிவந்த கட்டிகளைக் காட்டினார்.

"தைராய்டு சுரப்பி! உடம்ப முடுக்குற சரக்கு இதுலதான் இருக்குது. ஏழெட்டு ஆட்டோட சரக்க தெனமும் ஒரே நாய்க்குள்ள ஏத்தியிருக்கே. இத நிறுத்து. நாலு வாரம் சோறும் மீனும் மட்டும் போடு."

அடிப்பாவி, நானேவா செய்தேன்! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நாயைக் கட்டியே வைப்பதாகச் சத்தியம் செய்து, மேஸ்திரியிடம் மல்லுக்கட்டி நாலு வாரம் கெடு வாங்கினேன். கெடு முடிந்த அன்று பட்டப்பகலில் அதே தடியோடு வந்தார். உப்புக் குவியலின் நிழலில் சர்க்கார் கால் நீட்டிப் படுத்திருந்தது. விலா எலும்பு ஒன்றும் தெரியவில்லை. மேஸ்திரி தடியால் லேசாகத் தட்டினார். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது, குறட்டையும் விட்டது.

"இன்னாம்மா, காவல் நாய் இப்படித் தூங்குது?"

"தூங்குதுங்க! சத்தம் போடாதீங்க, தூங்குது!" என்று அளமே கேட்கும்படி நான்தான் கத்தினேன்.